கீமோ நடக்குறப்ப "சிரிச்சுப் பேசு, பாசிட்டிவா இரு"ன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படிங்க முடியும்?

உங்களுக்கு சிரிப்பு வரலங்கறது பிரச்சினையே இல்லன்னு நினைக்கிறேன், "முன்ன மாதிரி கலகலன்னு இரேன்"னு சுத்தி இருக்கவங்க படுத்துறாங்க, அதானே? எனக்கும் அதேதான் நடந்துச்சு.

முதல்லயே சொல்லிடுறேன், சிரிச்சா கேன்சர் போயிடும்னு நான் சொல்ல வரல, அப்படி எழுதுறவங்களைப் பார்த்தா எனக்கே பத்திக்கிட்டு வரும். எனக்கு மார்பகப் புற்றுநோய், ரெண்டாம் ஸ்டேஜ். உனக்கு அதோட போச்சு அதான் பேசுறன்னு யாராவது சொன்னா, சரிங்க, இருக்கலாம்.

மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு நாலு தடவை அந்த சிவப்பு மருந்து ஏத்துனாங்க, டாக்ஸோரூபிசின். யூரின் ஒண்ணு ரெண்டு நாளைக்கு சிவப்பா போகும்னு நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினாங்க, நான் சுத்தமா மறந்துட்டேன், கீமோவோட கொடுத்த ஸ்டீராய்டு புண்ணியத்துல தூக்கமும் இல்லாம ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம்ல நான் போட்ட சத்தத்துல வீடே எழுந்திருச்சிடுச்சு. அன்னிக்கு யாரும் சிரிக்கல. மறுநாள் சிரிச்சோம்.

தலைமுடி ரெண்டு மூணு வாரத்துல கொட்டும்னு எல்லாரும் சொல்லி வச்சிருந்தாங்க. மூக்குக்குள்ள உள்ள முடிகூட கொட்டும்னு ஒருத்தரும் சொல்லலீங்க! அது இல்லன்னா தடுப்பே கிடையாது, மூக்குத்தண்ணி சொல்லாம கொள்ளாம நேரா உதட்டுக்கு வந்துடும். அந்த நேரம் பார்த்து என் ஓர்ப்படி பார்க்க வந்தாங்க. வந்து உட்கார்ந்ததும் அவங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க இதே வியாதியில எப்படி செத்தாங்கன்னு ஆரம்பிச்சாங்க (ஏன் எல்லாரும் இதையே சொல்றாங்க?), நான் மூக்கைத் துடைக்க துடைக்க, "அழாதம்மா, அழாதம்மா"ன்னு அவங்களே அழ ஆரம்பிச்சுட்டாங்க. "அழலக்கா, மூக்குல முடி இல்ல"ன்னேன். பின்னாடி நின்ன என் வீட்டுக்காரர் பொத்துக்கிட்டு சிரிச்சுட்டார். பயாப்ஸி ரிசல்ட் வந்த நாள்ல இருந்து அவர் அப்படி வாய்விட்டு சிரிச்சு நான் பார்க்கவே இல்ல.

அந்த ஓர்ப்படிதான் ஆறு வருஷம் முன்னாடி என் தையல் மிஷினை ரெண்டு நாள்ல தரேன்னு எடுத்துட்டுப் போனவங்க. அன்னிக்கும் வெறுங்கையோடதான் வந்தாங்க. கேன்சர்காரி கேட்டா கூட தர மாட்டாங்களா? சரி விடுங்க, அது வேற கதை.

ஆனா எல்லா ஜோக்கும் எடுபடாது. அம்மாகிட்ட ஒரு நாள் "என் புடவையெல்லாம் இப்பவே பிரிச்சுக்கங்க, அப்புறம் சண்டை வரும்"னேன். எழுந்து உள்ளே போனவங்க மூணு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசல. அப்புறம் அம்மாகிட்ட மொட்டைத்தலை பத்தி மட்டும்தான் கிண்டல், சாவு பத்தின கிண்டல் எல்லாம் வீட்டுக்காரரோட சரி. இன்னொண்ணு, நான் என்னை மொட்டைன்னு சொல்லலாம், அதையே பக்கத்துல இருக்கவங்க எடுத்துக் கொடுத்தா எனக்குக் கோவம் வரும். நியாயம் இல்லதான், ஆனா வியாதி என்னோடது.

சிவப்பு மருந்து முடிஞ்சப்புறம் வாராவாரம் பாக்லிடாக்செல்னு இன்னொரு கீமோ மருந்து, 12 வாரம். விரல் மரத்துப்போய் சட்டை பட்டன் போட முடியாம நின்னப்ப எனக்கு ஒரு ஜோக்கும் வரல. வரலன்னா விட்டுடுங்க, யாருக்காகவும் நடிக்காதீங்க.

காய்ச்சலை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. சிவப்பு மருந்து ஏத்தின ரெண்டாவது வாரம், ரத்தத்துல நோயை எதிர்க்கற வெள்ளை அணு அடிமட்டத்துல இருக்கறப்ப, 101 காட்டுச்சு. 100.4 தாண்டினாலே உடனே கூப்பிடுங்கன்னு சொல்லியிருந்தாங்க, நான் "தெர்மாமீட்டருக்கும் கீமோ போல"ன்னு பேசிக்கிட்டே விடியற வரைக்கும் தள்ளிட்டேன். அஞ்சு நாள் அட்மிட். டாக்டர்கிட்ட வாங்கின திட்டு தனி.

இப்ப முடி வந்துடுச்சு, சுருட்டை சுருட்டையா, முன்ன எனக்கு கோரைமுடி. எந்த பார்லர்ல பண்ணினேன்னு ஓர்ப்படி கேட்டாங்க. மிஷினைக் கொடுங்க சொல்றேன்னேன். இன்னும் வரல.