கர்ப்பப்பை நீக்கம்: கீழ்வழியா, லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா?

கேள்வி: வயது 45. இரண்டும் சுகப்பிரசவம். நார்க்கட்டியால் உதிரப்போக்கு அதிகம், மாத்திரையில் நிற்கவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை 10 வாரக் கர்ப்பத்தின் அளவு. ஒரு மருத்துவர் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டு, கேமராவில் பார்த்துச் செய்வது) என்கிறார், இன்னொருவர் கீழ்வழியாகவே (யோனி வழியாக) எடுக்கலாம் என்கிறார், மூன்றாமவர் ரோபோ என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், முதலில் யோசிக்க வேண்டியது கீழ்வழிதான். வயிற்றில் ஒரு துளைகூட இல்லை, வாயு நிரப்ப வேண்டியதில்லை, முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தே முடிக்கலாம். கர்ப்பப்பை 12 வார அளவுக்குள் இருந்து, சுகப்பிரசவமும் ஆகியிருந்தால் பெரும்பாலும் சிரமமிருக்காது. ஆனால் ஸ்கேன் சரியாகக் காட்டாத ஒன்று உண்டு: கர்ப்பப்பை எவ்வளவு அசைகிறது, இழுத்தால் எவ்வளவு இறங்குகிறது. அதைக் கையால் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். மூவரில் யார் அப்படிப் பரிசோதித்தார்கள்?

கர்ப்பப்பை ஒட்டிக்கிடந்தாலோ, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்வரி போன்ற திசு வெளியே வளர்வது) இருந்தாலோ, சினைப்பையில் கட்டி இருந்தாலோ லேப்ராஸ்கோப்பிதான் சரி. உள்ளே கண்ணால் பார்க்காமல் அங்கே கை வைக்கக் கூடாது. சிசேரியன் ஆனவர்களுக்குச் சிறுநீர்ப்பை கர்ப்பப்பையோடு ஒட்டியிருக்கலாம். எந்த வழியானாலும் அதைப் பிரிக்கும் இடத்தில்தான் கிழியும் அபாயம்.

லேப்ராஸ்கோப்பியில் மூன்று நான்கு துளைகள், பெரும்பாலும் 5 முதல் 10 மி.மீ. கார்பன் டை ஆக்சைடை 12–15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிரப்பி, தலைப்பக்கத்தைத் தாழ்த்திப் படுக்க வைப்பார்கள். இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த நிலை சிரமம். ஓரிரு நாள் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம்; அது வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது.

கவலைப்பட வேண்டியது வேறு. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய், கர்ப்பப்பை வாயிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி, கர்ப்பப்பைத் தமனிக்கு அடியில் ஓடுகிறது. தமனியை மின்கருவியால் சுடும்போது சூடு அங்கே பரவினால், அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து விலாவில் வலி, காய்ச்சல், அல்லது கீழே நீராகக் கசிவு வரும். வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். யோனியின் மேல்முனைத் தையல் பிரிவதும் கீழ்வழியைவிட லேப்ராஸ்கோப்பியிலும் ரோபோவிலும் சற்று அதிகம். அதனால் குறைந்தது 6–8 வாரம் உடலுறவு வேண்டாம்.

ரோபோ தானாக எதையும் செய்வதில்லை. அதுவும் லேப்ராஸ்கோப்பிதான், கருவியைப் பிடிக்கும் கை மட்டும் வேறு. உங்களுடையது போன்ற கேஸில், பழகிய கையால் செய்யும் லேப்ராஸ்கோப்பியைவிட அதனால் தெளிவான கூடுதல் பலன் நிரூபணமாகவில்லை. செலவு மட்டும் கூடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் இரண்டு விஷயம். 45 வயதில் இப்படி உதிரம் போனால் கர்ப்பப்பை உள்வரியிலிருந்து சதைத் துணுக்கெடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். கட்டி கர்ப்பப்பை உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருந்தால், ஹிஸ்டிரோஸ்கோப்பி (கீழ்வழியாகக் கர்ப்பப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுச் செய்வது) மூலம் அதை மட்டும் சீவி எடுக்கலாம். கர்ப்பப்பையை எடுக்கவே தேவைப்படாமல் போகலாம்.

பெரிய கர்ப்பப்பையை வெளியே எடுக்கத் துண்டாக்குவார்கள். அதைப் பைக்குள் வைத்துத்தான் செய்வீர்களா என்று கேளுங்கள். கட்டிக்குள் தெரியாமல் புற்று ஒளிந்திருந்தால் வயிறெங்கும் சிதறிவிடும். சினைப்பை நன்றாக இருந்தால் விட்டுவைக்கச் சொல்லுங்கள். சினைக்குழாய்களை எடுத்துவிடலாம், பின்னாளில் சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பு குறையும். கடைசியாக, சொல்கிற முறையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார், அதில் எத்தனை பேருக்கு வயிற்றைத் திறக்க நேர்ந்தது என்பதையும் மூவரிடமும் கேளுங்கள்.