கேளுங்கள், சொல்கிறேன்: ரொறொன்ரோ எவ்வளவு தூரம்?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக ஜூலையில் தனியாக ரொறொன்ரோ போகிறேன். இரவு 10 மணிக்குக் கட்டுநாயக்கவில் ஏறி, டுபாயில் மாறி, மறுநாள் காலை 9.30க்குப் போய்ச் சேரலாம் என்று ரிக்கெற்றில் இருக்கிறது. பதினொன்றரை மணித்தியாலம்தானே? எனக்கு நீரிழிவும் முழங்கால் நோவும் உண்டு.
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை அம்மா, முழுதாக 21 மணித்தியாலம். ரிக்கெற்றில் போடுவது அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் ரொறொன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கும் (மார்கழி, தையில் பத்தரை). அங்கே காலை 9.30 என்றால் வெள்ளவத்தையில் இரவு 7 மணி. வீட்டில் மறுநாள் விளக்கு வைத்த பிறகுதான் நீங்கள் அங்கே இறங்குகிறீர்கள்.

கொழும்பிலிருந்து ரொறொன்ரோவுக்கு நேர்த்தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் கிடையாது. டுபாய் வரை 3,300, அங்கிருந்து 11,100. லண்டன் வழி பெரிய சுற்று என்று பலர் நினைக்கிறார்கள். 8,700, அப்புறம் 5,700, கூட்டிப் பாருங்கள், அதுவும் 14,400தான். ஆகவே ரிக்கெற் எடுக்கும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள், இடையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பாருங்கள். உங்களுக்கு டுபாயில் இரண்டு மணித்தியாலம்போல வரும். முழங்கால் நோவோடு அந்தப் பெரிய நிலையத்தில் ஓட முடியாது. வீல்செயார் வேண்டுமென்று இப்போதே விமான நிறுவனத்துக்குச் சொல்லி வையுங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

டுபாய்க்கு அப்பால் 14 மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இருக்கை. என் பெரியம்மா பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டு அசையாமல் இருந்துவிட்டார். இறங்கும்போது கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. நடைபாதை ஓர இருக்கையாகக் கேளுங்கள், அடிக்கடி எழுந்து நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

மருந்துதான் எனக்குப் பெரிய கவலை. அங்குள்ள மணிக்கூட்டைப் பார்த்து ஊசியோ மாத்திரையோ எடுத்தால் இடைவெளி குழம்பிவிடும். ரிக்கெற்றைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டி, எந்த வேளைக்கு எதை எடுப்பது என்று எழுதி வாங்குங்கள். மருந்து முழுவதும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள்.

திரும்பி வரும்போது கொஞ்சம் சீக்கிரம் வருவீர்கள். 10, 12 கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும்.

கேள்வி: படத்தில் கனடா மேற்கே இருக்கிறது. நேராக மேற்கே பறந்தால் கிட்டத்தானே?
- மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, தட்டையான படம் ஏமாற்றும். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் கொழும்புக்கும் ரொறொன்ரோவுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். அது மேற்கே போகாது, வடக்கே ஏறும். திருச்சிப் பக்கமாக இந்தியாவுக்குள் புகுந்து, கசகஸ்தான், ரஷ்யா, நோர்வேயின் வடக்குத் தலைப்பு, கிரீன்லாந்து என்று போய்க் கனடாவுக்குள் இறங்கும். அந்த நூல் ஆகக் கூடியது ஏறத்தாழ 72 பாகை வட அகலக்கோடு வரை ஏறும். ஆர்க்டிக் வட்டம் தொடங்குவதே 66½ பாகையில்தான்.