கெல்லி கோட்டைக்கு அப்பாவையும் கூட்டிப் போகலாமா?

சுங்கை சிப்புட் வாசகி ஒருவர் கேட்கிறார்: "பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இரண்டு பேரையும் அப்பாவையும் பத்து காஜா கெல்லி கோட்டைக்குக் கூட்டிப் போக நினைக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், முழங்கால் வலி உண்டு. அவரால் ஏறிப் பார்க்க முடியுமா? எவ்வளவு நேரம் ஆகும்? 'கட்டி முடிக்காத வெள்ளைக்காரன் வீட்டில் எனக்கு என்ன வேலை' என்று வேறு கேட்கிறார்."

தாராளமாகக் கூட்டிப் போங்கள். முதலில் முழங்கால் விஷயம். ராயா ஆற்றுப் பாலத்தைக் கடந்து, மேடேறித்தான் மாளிகைக்குப் போக வேண்டும். அப்பாவை மெதுவாக நடக்க விடுங்கள். உள்ளே லிஃப்ட் கிடையாது, படிகளும் ஒடுக்கம். அவர் மாடி ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை. கீழ்த்தளத்தின் வளைவு வாசல்கள், தாழ்வாரம், மாளிகைக்கு முன்பே கட்டி, இப்போது இடிந்து நிற்கும் பழைய கெல்லாஸ் வீட்டுச் சுவர், இவ்வளவும் ஏறாமலே பார்க்கலாம். பெரியவர்களில் ஒருவர் அப்பாவோடு கீழே இருங்கள், மற்றவர் பிள்ளைகளோடு மேலே போகட்டும். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். மொட்டைமாடியில் பிள்ளைகளின் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

லிஃப்ட் இல்லையே தவிர, அதற்கு விட்ட இடம் அந்த ஆறு மாடிக் கோபுரத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1870ல் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித் 20 வயதில் மலாயாவுக்கு வந்தவர். கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்தின் முதலாளியான பிறகு, 1915ல் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். கோபுரத்துக்கு லிஃப்ட் வாங்க லிஸ்பனுக்குப் போனவர், 1926 டிசம்பரில் நிமோனியா கண்டு அங்கேயே இறந்துபோனார். அதோடு வேலையும் நின்றது. பல அறைகளில் இன்றைக்கும் பூச்சு இல்லாத செங்கல்தான்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் அந்தச் செங்கலில் இருக்கிறது. ஒரு சுவருக்குப் பக்கத்தில் அவரை நிறுத்திக் காட்டுங்கள். பூச்சு இல்லாததால் ஒவ்வொரு வரிசையும், நடுவில் வைத்த சாந்தும் அப்படியே தெரியும். வளைவுக்குச் செங்கல்லை எப்படிச் சாய்த்து அடுக்கினார்கள் என்பதைக் கையால் தொட்டே புரிந்துகொள்ளலாம். இதைக் கட்ட மெட்ராஸிலிருந்து 70 கைவினைஞர்கள் வந்தார்கள். செங்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். கட்ட ஆளில்லாமல் வெள்ளைக்காரன் வீடு ஏது? இந்த வீட்டைப் பற்றிய பேய்க் கதைகளைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவதைவிட, இந்தச் சுவரை எழுப்பியவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அதனால்தான் பக்கத்தில் அவர்கள் கேட்டு வாங்கிய கோயிலையும் பார்க்கச் சொல்கிறேன். 1918 வாக்கில் ஸ்பானிஷ் காய்ச்சல் பரவி வேலையாட்கள் பலர் இறந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க, முதலாளி சம்மதித்தார். அம்மை கண்டாலும் கொள்ளைநோய் வந்தாலும் நம்மவர்கள் அவளிடம்தானே போவார்கள்? மாளிகையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக ஓர் ஆள் நிற்பார். அது ஸ்மித் என்று சொல்வார்கள். நிறையப் பேர் மாளிகையில் படம் எடுத்துக்கொண்டு, கோயில் பக்கம் எட்டிப் பார்க்காமலே ஈப்போவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, நேரக் கணக்கு. காலை 9 மணிக்கே மாளிகைக்கு வந்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த மேடு அப்பாவுக்குக் கஷ்டம், மதியத்துக்கு மேல் கிந்தாவில் மழையும் பிடித்துக்கொள்ளும். ஒன்றரை மணி நேரம் போதும், அப்பா உட்கார்ந்து எழ இன்னொரு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்குக் கிளம்பினால் மதிய நடை சாத்துவதற்குள் கோயிலுக்குப் போய்விடலாம். மைகாட் அடையாள அட்டையை எடுத்து வாருங்கள், மலேசியர்களுக்கு டிக்கெட் விலை குறைவு. வழுக்காத செருப்பு, குடை, தண்ணீர் கட்டாயம். சாப்பாட்டுக்கு பத்து காஜா டவுனுக்கு வந்துவிடுங்கள், காரில் பத்து நிமிடம்தான்.