கையில் 26 டாலர் இருந்தும் ஏன் தோற்கிறேன்?

கேள்வி: வணக்கம் சார். உங்கள் பதில்களைப் படித்துத்தான் சம்பளம் வந்ததும் முதலில் சேமிப்பு, மிச்சத்தில் செலவு என்ற பழக்கத்துக்கு வந்தேன். இந்தக் கேள்வி சம்பளத்தைப் பற்றியது இல்லை, சிரிக்காதீர்கள். போனில் பலாட்ரோ ஆடுகிறேன். கையில் 25 டாலர் இருந்தால் சுற்றுக்கு 5 டாலர் வட்டி என்பதால், 25 சேரும்வரை கடையில் எதையும் வாங்குவதில்லை. முதல் ஆன்டி, அதாவது முதல் கட்டம் முடியும்போது 26 டாலர் சேர்ந்துவிடுகிறது. ஆனால் இரண்டாவது ஆன்டியின் பாஸிடம் தோற்றுவிடுகிறேன். என் ரூம்மேட் கிடைத்ததை எல்லாம் அப்போதே செலவழிப்பவன். அவன் ஐந்தாவது ஆன்டி வரை போகிறான். சேமித்தது தப்பா? கோல்டன் ஜோக்கர், சீட் மணி வவுச்சர் இதெல்லாம் எப்போது வாங்கலாம்? ஆடுவது ரெட் டெக் என்ற சீட்டுக்கட்டு, ஒயிட் ஸ்டேக் என்ற கடின நிலை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: சிரிக்கவில்லை. வீட்டில் என் மகன் ஆடுகிறான், அவனிடமிருந்து எனக்கும் தொற்றிக்கொண்டது. லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் ஒரு கனடாக்காரர் உருவாக்கி, 2024 பிப்ரவரியில் வெளிவந்த விளையாட்டு இது. போக்கர் சீட்டைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர்கள் ஆன்லைன் ரம்மி என்று பதறுவார்கள். பதற வேண்டாம். ஒருமுறை விலை கொடுத்து வாங்குவதோடு சரி. அதற்குமேல் நிஜப் பணத்தை உள்ளே போடவும் வழியில்லை, வெளியே எடுக்கவும் வழியில்லை. ஐரோப்பாவில் வயது முத்திரை குத்தும் பெகி அமைப்பே முதலில் 18 என்று போட்டுவிட்டு, 2025 பிப்ரவரியில் 12 ஆகக் குறைத்தது.

ஆடாத வாசகர்களுக்கு இரண்டு வரி. மொத்தம் 8 ஆன்டி. ஒவ்வொன்றிலும் ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட், பாஸ் என்று மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு கைக்குள், அதாவது நான்கு தடவை சீட்டு இறக்குவதற்குள், குறிப்பிட்ட புள்ளியைத் தொட வேண்டும், தொடாவிட்டால் ஆட்டம் காலி. சுற்றுக்கு நடுவே கடை திறக்கும். அங்கே புள்ளியோ பணமோ கூட்டித் தரும் ஜோக்கர், சீட்டுப் பாக்கெட், ஆட்டம் முழுக்க நீடிக்கும் சலுகையான வவுச்சர் எல்லாம் விளையாட்டுக்குள் கிடைக்கும் டாலரில் வாங்கலாம்.

இனி உங்கள் விஷயம். வரவு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பாருங்கள். ஸ்மால் பிளைண்டுக்கு 3 டாலர், பிக் பிளைண்டுக்கு 4, பாஸுக்கு 5. ஆடாமல் மிச்சம் வைத்த ஒவ்வொரு கைக்கும் 1 டாலர். கையிருப்பில் ஒவ்வொரு 5 டாலருக்கும் 1 டாலர் வட்டி, உச்சவரம்பு 5. வட்டியைப் பார்த்த நீங்கள், மிச்சக் கைக்கு வரும் டாலரைப் பார்க்கவில்லை. 5 டாலரைப் பூட்டிவைத்தால் சுற்றுக்கு 1 டாலர். அதே 5 டாலருக்கு ஒரு ஜோக்கர் வாங்கி, அதனால் சுற்று ஒரு கை முன்னதாக முடிந்தால், அதுவும் சுற்றுக்கு 1 டாலர். வருமானம் ஒன்றுதான். ஆனால் டெபாசிட் உங்களை பாஸிடமிருந்து காப்பாற்றாது, ஜோக்கர் காப்பாற்றும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஆட்டம் தொடங்கும்போது 4 டாலர். ஒவ்வொரு சுற்றிலும் 2 கை மிச்சம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். எதுவுமே வாங்காவிட்டால் முதல் சுற்று முடிவில் 9, அடுத்து 16, பாஸுக்குப் பிறகு 26. நீங்கள் சொன்ன அதே 26. நான்காவது சுற்று முடிந்தால் 36. இப்போது முதல் கடையில் 5 டாலருக்கு ஒரு ஜோக்கர் வாங்கியதாகவும், அது எந்த உபயோகமும் இல்லாத ஜோக்கர் என்றும் வையுங்கள். இருப்பு 4, பிறகு 10, 19, 27. வித்தியாசம் 9 டாலர். அதாவது விலை 5, கைவிட்டுப்போன வட்டி 4. அதற்குமேல் நஷ்டம் வளராது, ஏனென்றால் அங்கிருந்து இருவருமே உச்ச வட்டி வாங்குகிறார்கள். அந்த ஜோக்கர் சுற்றுக்கு ஒரு கையை மிச்சம் பிடித்துத் தந்தால்? 4, 11, 21, 31. வித்தியாசம் சரியாக 5, கொடுத்த விலை மட்டுமே. வட்டி நஷ்டத்தை ஜோக்கரே சம்பாதித்துக் கொடுத்துவிட்டது.

நீங்கள் தோற்கும் இடத்தையும் இதே மாதிரி பார்க்கலாம். ஒரே இனத்தில் ஏஸ், கிங், 9, 7, 4 என்று ஃப்ளஷ் இறக்குகிறீர்கள். சீட்டுகளின் மதிப்பு 41, ஃப்ளஷுக்கு 35, ஆக 76 சிப்ஸ். அதை ஃப்ளஷின் மல்ட், அதாவது பெருக்கும் எண்ணான 4-ஆல் பெருக்கினால் 304. முதல் ஸ்மால் பிளைண்ட் 300; ஒரே கையில் முடிந்தது. பாஸுக்கு 600, இரண்டு ஃப்ளஷ் போதும். அதனால்தான் ஜோக்கரே இல்லாமல் முதல் ஆன்டியைத் தாண்டிவிடுகிறீர்கள், உங்கள் முறை சரி என்றும் நம்பிவிடுகிறீர்கள். இரண்டாவது ஆன்டியில் இலக்கு 800, 1200, 1600. நான்கு கையிலும் இதே ஃப்ளஷ் விழுந்தாலும் 1216தான். பாஸைத் தொட முடியாது. கையில் 26 இருந்தாலும் 36 இருந்தாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

இப்போது கடையில் மிக மலிவான சரக்குகளில் ஒன்று, வெறும் ‘ஜோக்கர்’ என்றே பெயர் கொண்டது, விலை 2 டாலர். 4 மல்ட் கூட்டும். அதே ஐந்து சீட்டு, 76 பெருக்கல் 8, ஆக 608. முதல் பாஸ் ஒரே கையில் விழும், மூன்று கை மிச்சம், 3 டாலர் வரவு. வியாழன் கிரகச் சீட்டு 3 டாலர். ஃப்ளஷை 50 சிப்ஸ், 6 மல்ட் என்று உயர்த்தும். அதே சீட்டுகளுக்கு 546. ஃப்ளஷுக்கு மட்டும் 10 மல்ட் தரும் டிரோல் ஜோக்கர் 4 டாலர். அதோடு அதே கை 1064. இந்த விலைகளைத்தான் ‘25 சேரட்டும்’ என்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தீர்கள்.

ஆகவே முதல் கடையில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்தக் கடையில் ஒரு பஃபூன் பாக்கெட் நிச்சயம் இருக்கும். 4 டாலர், இரண்டு ஜோக்கர் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லும். தனியாகத் தொங்கும் ஜோக்கர் பெரும்பாலும் 4 முதல் 6 டாலர் ஆகும்போது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோடு 4 என்பது நல்ல பேரம். புள்ளி தரும் ஜோக்கர் ஒன்று கைக்கு வரும்வரை வட்டியை மறந்துவிடுங்கள். இருப்பு பூஜ்யம் ஆனாலும் பரவாயில்லை. அந்த நேரத்தில் நீங்கள் இழப்பது சுற்றுக்கு ஒன்றோ இரண்டோ டாலர்.

கோல்டன் ஜோக்கரைக் கேட்டிருந்தீர்கள். 6 டாலர் விலை, சுற்று முடிவில் 4 டாலர் தரும். வட்டியாக 4 டாலர் வர வேண்டும் என்றால் 20 டாலரைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். இது 6 டாலரில் அதே வேலையைச் செய்கிறது, இரண்டு சுற்றில் போட்ட காசுக்கு மேலே எடுத்துவிடலாம். முதல் ஆன்டியில் கண்ணில் பட்டால் வாங்குங்கள், ஆனால் இரண்டாவதாக. உதாரணமாக முதல் சுற்றை ஒரே கையில் முடித்து 10 டாலரோடு கடைக்குள் வருகிறீர்கள். பாக்கெட் 4, அதில் டிரோல் ஜோக்கர் கிடைத்தது. மிச்சம் 6, அதற்கு கோல்டன் ஜோக்கர். இருப்பு பூஜ்யம். எனக்கு இதில் ஒரு உறுத்தலும் இல்லை. வரிசையை மாற்றி, புள்ளி தரும் ஜோக்கர் இல்லாமல் கோல்டன் மட்டும் வாங்கினால் உங்கள் பழைய கதைதான் இன்னொரு பெயரில் நடக்கும். ஜோக்கர் வைக்க ஐந்தே இடம் என்பதால், நான்காவது ஐந்தாவது ஆன்டி வாக்கில் இடம் தட்டுப்பாடாகும்போது அதை விற்றுவிடுங்கள். விற்றால் பாதி விலை, அதாவது 3 டாலர். அதுவரை அது கொடுத்ததே ஏராளம்.

டிலேய்டு கிராட்டிஃபிகேஷன் என்று இன்னொரு ஜோக்கர் உண்டு. சுற்று முழுக்க ஒரு டிஸ்கார்டும் (வேண்டாத சீட்டை வீசி மாற்றுவது) செய்யாவிட்டால், மிச்சமிருக்கும் டிஸ்கார்டு ஒன்றுக்கு 2 டாலர். உங்கள் ரெட் டெக்கில் 4 டிஸ்கார்டு, எனவே 8 டாலர். உங்கள் சுபாவத்துக்கு இதன் பக்கமே போகாதீர்கள் என்பேன். அந்த 8 டாலருக்கு ஆசைப்பட்டு, மாற்ற வேண்டிய சீட்டை மாற்றாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

முதல் ஆன்டிக்குப் பிறகு சேமிப்பு வர வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. இரண்டாவது ஆன்டி முடிவிலோ மூன்றாவதின் நடுவிலோ 25-ஐத் தொட்டால் போதும். அங்கே போகும் வழியில் ஒரு சின்ன நுணுக்கம்: வட்டி ஐந்து ஐந்தாகத்தான் எண்ணப்படும். 14 டாலரோடு கடையிலிருந்து வெளியே வந்தாலும் வட்டி 2, 10 டாலரோடு வந்தாலும் 2. அந்த 4 டாலர் சில்லறை சும்மா கிடக்கிறது. அதற்கு ஒரு பாக்கெட் வாங்கினால் வட்டியில் ஒரு பைசா குறையாது. கடையில் நிற்கும்போது இருப்பை ஐந்தால் வகுத்து, மீதியை மட்டும் செலவழிக்கப் பாருங்கள். 23-இல் நிற்கிறீர்கள், உபயோகம் முடிந்த ஜோக்கர் ஒன்று இருக்கிறது, விற்றால் 2 டாலர் வரும் என்றால், சுற்று முடிவதற்கு முன்பே விற்றுவிடுங்கள். 25 ஆகிவிடும். சுற்று முடிந்த பிறகு விற்றால் அந்த ஒரு டாலர் வட்டி போச்சு.

ரீரோல், அதாவது கடைச் சரக்கை மாற்றிக் காட்டச் சொல்வது, முதல் தடவை 5 டாலர், ஒவ்வொரு தடவையும் 1 கூடும். முதல் ஆன்டியில் ரீரோல் செய்வது கிட்டத்தட்ட ஒரு ஜோக்கரைத் தூக்கிப் போடுவது. 25-க்கு மேல் இருக்கும் பணத்தில் மட்டும் ரீரோல் செய்யுங்கள். ஸ்கிப்பும் அப்படித்தான். பிளைண்டை ஆடாமலே விட்டுவிட்டால் அந்தப் பரிசு மட்டும் போவதில்லை; மிச்சக் கைக் காசு, வட்டி, கடை எல்லாமே போகும். ஸ்கிப் செய்வதற்குப் பதிலாக ஒரு டேக் கிடைக்கும். இன்வெஸ்ட்மென்ட் டேக், அதாவது அடுத்த பாஸை வென்றால் 25 டாலர் என்பது கண்ணில் பட்டால் யோசிக்கலாம். இருக்கும் பணத்தை இரட்டிப்பாக்கும் எகானமி டேகை, கையில் 4 டாலர் வைத்துக்கொண்டு எடுப்பதில் அர்த்தமே இல்லை. ஹெர்மிட் டாரோ சீட்டும் பணத்தை இரட்டிப்பாக்கும், ஆனால் 20 டாலருக்கு மேல் தராது. அதை இருப்பு 20 தொடும்வரை வைத்திருந்து, கடையில் எதையும் வாங்குவதற்கு முன் பயன்படுத்துங்கள்.

சீட் மணி வவுச்சர் 10 டாலர். வட்டி உச்சவரம்பை 5-லிருந்து 10 ஆக்கும். விளம்பரத்தில் எழுதாத செலவு ஒன்று இதில் இருக்கிறது: கூடுதல் 5 டாலர் வர வேண்டும் என்றால் இன்னும் 25 டாலரைப் பூட்ட வேண்டும். ஆக மொத்தம் 35 டாலர் சமாச்சாரம். மூன்றாவது ஆன்டிக்குள் கிடைத்து, உங்கள் ஜோக்கர்கள் இலக்கை நிம்மதியாகத் தாண்டிக்கொண்டிருந்தால் வாங்குங்கள். ஐந்தாவது ஆன்டியில் வாங்கினால், அந்த 50-ஐச் சேர்ப்பதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும்.

25-ஐத் தொட்ட பிறகு அதை உடைக்கவே கூடாதா என்று அடுத்து கேட்பீர்கள். உடைக்கலாம். ஆன்டி தொடங்கும்போதே எந்த பாஸ் வரப்போகிறது என்று திரையில் தெரிகிறது. நீடில் என்றால் ஒரே ஒரு கைதான். வால் என்றால் இலக்கு வழக்கமான பாஸைப் போல இரண்டு மடங்கு. இரண்டாவது ஆன்டியில் 3200. உங்கள் கை எவ்வளவு புள்ளி தருகிறது என்று எண்ணிப் பாருங்கள். போதவில்லை என்றால் அந்த 25-ஐ அப்படியே இறக்குங்கள். 10 டாலரை உடைத்தால் நஷ்டம் சுற்றுக்கு 2 டாலர், அதுவும் திரும்ப நிரப்பும் வரைதான். உடைக்காமல் தோற்றால் 25-ம் போகும்.

உங்கள் ரூம்மேட்டுக்கும் ஒரு வார்த்தை. அவர் ஐந்தாவது ஆன்டி வரை போவது முதல் கடையில் சரியாகச் செய்வதால். அங்கே நிற்பது, அதே பழக்கத்தை விடாததால். மூன்றாவது ஆன்டி தொடங்கி ஐந்தாவது முடிய 9 சுற்று, சுற்றுக்கு 5 என்றால் 45 டாலர் வட்டியை அவர் வாங்காமலேயே விட்டிருக்கிறார். இலக்கு 11,000, 16,500, 22,000 என்று ஏறும் இடத்தில், பழைய 4 மல்ட் ஜோக்கர்களை மாற்ற அந்த 45 தேவைப்படுகிறது.

ஒயிட் ஸ்டேக்கை வென்று ரெட் ஸ்டேக் போனதும் மேலே சொன்ன எண்களை அப்படியே நம்பாதீர்கள். அங்கே ஸ்மால் பிளைண்டுக்குப் பரிசு கிடையாது. எதுவும் வாங்காமல் இருந்தாலும் 6, 13, 22 என்றுதான் போகும். முதல் ஆன்டி முடிவில் 25 கனவிலும் வராது. பரிசுதான் இல்லையே, ஸ்மால் பிளைண்டை ஸ்கிப் செய்துவிடலாமே என்று தோன்றும். முதல் ஆன்டியில் மட்டும் செய்யாதீர்கள். பஃபூன் பாக்கெட் ஒரு சுற்று தள்ளிப்போகும், 450 புள்ளி பிளைண்டை ஜோக்கரே இல்லாமல் எதிர்கொள்ள வேண்டிவரும்.