பூனைக்குப் படர்தாமரை, நாய்க்குக் காதில் நாற்றம்: வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்

டாக்டர், போன மாதம் ஒரு பூனைக்குட்டியைத் தத்தெடுத்தோம். காதுக்குப் பின்னால் முடி கொட்டி, வெள்ளையாகச் செதில் உரிகிறது. இப்போது என் மகளின் முன்கையிலும் வட்டமாகச் சிவந்து அரிக்கிறது. வீட்டில் இருந்த தோல் கிரீமை இருவருக்கும் தடவினேன். குறைவதுபோல் இருந்து மறுபடி பெரிதாகிவிட்டது. பூனையைக் கீழே கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார் மாமியார். என்ன செய்வது?
– வாசகி, ஈசூன்

தயவுசெய்து கீழே விட்டுவிடாதீர்கள். இது குணமாகும் நோய். வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம், நோயோடு புளோக்கின் கீழே விட்டால் அங்கே திரியும் பூனைகளுக்கும் அவற்றைத் தடவிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும். மாமியாரின் கவலை பேத்தியைப் பற்றியது, அதில் நியாயம் இருக்கிறது. இருவரையும் சேர்த்தே குணப்படுத்தலாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் படர்தாமரை போலத்தான் தெரிகிறது. பூனைகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. முடி, நகம், தோலின் மேல்படலம் ஆகியவற்றில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் இதன் உணவு, அதனால் பொதுவாக மேலோடு நின்றுகொள்ளும், உள்ளே உயிருள்ள சதைக்குப் போகாது. மனிதர் தோலில் நடுப்பகுதி ஆறிக்கொண்டே ஓரம் பரவுவதால் வட்டமாகத் தெரிகிறது. பூனைக்கு வட்டமே தெரியாமல் போகலாம், முடி ஒடிந்து செதில் மட்டும் இருக்கும், சில பூனைகளுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது ஆனால் பரப்பிக்கொண்டிருக்கும். வீட்டில் வேறு பூனையோ நாயோ இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்தக் கிரீமை இன்றே நிறுத்துங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், கூடவே தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும், பூஞ்சைக்கு அது வசதியாகிவிடும்.

மருத்துவர் வுட்ஸ் விளக்கின் புறஊதா வெளிச்சத்தில் முடியைப் பார்ப்பார். மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்த முடி பச்சையாக ஒளிரும், ஆனால் எல்லா வகையும் ஒளிராது, ஆகவே ஒளிரவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்ப்பதும், ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பதும் தேவைப்படும். வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை என்றால் தெரிகிற இடத்தில் மட்டும் மருந்து தடவுவது போதாது. பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய விதைத்துகள்கள் உடம்பு முழுக்க முடியில் ஒட்டியிருக்கும். வாரம் இருமுறை சுண்ணாம்பு கந்தகக் கரைசலிலோ (அழுகிய முட்டை நாற்றம் வரும், ஆனால் நன்றாக வேலை செய்யும்), மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பூவிலோ உடம்பு முழுவதும் நனைக்கச் சொல்வார்கள், இட்ராகோனசோல் போன்ற உள்மருந்தும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். முடி முளைத்துவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சோதனையில் பூஞ்சை வளரவில்லை என்று தெரிந்த பிறகு மருத்துவரே நிறுத்தச் சொல்வார்.

அப்புறம் வீடு. உதிர்ந்த முடியில் இருக்கும் விதைத்துகள்கள் 18 மாதம்வரைகூடத் தாக்குப்பிடிக்கும். தினமும் முடியைப் பெருக்கி எடுங்கள். சோப்பு நீரால் அழுக்கு போகத் துடைத்த பிறகுதான் பிளீச், ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர். அழுக்கின்மேல் ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது. வேறு எந்தத் திரவத்தோடும் கலக்காதீர்கள், தரை காயும்வரை பூனையை அந்தப் பக்கம் விடாதீர்கள். போர்வை, துணிகளை இரண்டு தடவை துவையுங்கள், மெஷினை நிரப்பி அடைக்காமல். குட்டியைத் துடைக்கச் சுலபமான ஓர் அறையில் வையுங்கள், ஆனால் தனியாகப் பூட்டிப்போட்டு மறந்துவிடாதீர்கள், அது மனிதரோடு பழகக் கற்றுக்கொள்ளும் வயது இதுதான். கையுறையும் பழைய சட்டையும் போட்டுக்கொண்டு தினமும் அதோடு விளையாடுங்கள்.

மகளைப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) கூட்டிப்போய், வீட்டில் பூனைக்கும் இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். தலையில் வந்திருந்தால் கிரீம் போதாது, உள்மருந்து வேண்டும்.

பூஞ்சை செடி இனமா? மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் போய்விடுமா?
– உயர்நிலைப் பள்ளி மாணவர், உட்லண்ட்ஸ்

செடி இல்லை, தனி இனம். தானாக உணவு தயாரிக்காது, வெளியே இருப்பதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். அதன் செல்சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். பரிணாம வரிசையில் பூஞ்சை செடியைவிட விலங்குக்குத்தான் நெருக்கம், அதனால்தான் நம் செல்லைத் தொடாமல் பூஞ்சையை மட்டும் கொல்லும் மருந்து செய்வது கஷ்டம். நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால், அதனுடையதில் எர்கோஸ்டெரால். பெரும்பாலான பூஞ்சை மருந்துகள் இந்த வித்தியாசத்தைப் பிடித்துத்தான் தாக்குகின்றன. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு, பூஞ்சையை ஒன்றும் செய்யாது.

எங்கள் ஷிஹ் சூ நாயின் காதில் நாற்றம், பழுப்பு அழுக்கு. மருந்து விட்டால் போகிறது, இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது. எங்களுக்கும் தொற்றுமா?
– வாசகர், தெம்பனிஸ்

உங்களுக்குத் தொற்றும் என்று பயப்பட வேண்டாம். இது மலசேசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையாக இருக்கலாம். நாய்களில் காணப்படும் இதன் வகையை 1925-இல் தோல் உரிந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள், ஆனால் நல்ல ஆரோக்கியமான நாயின் தோலிலும் எப்போதும் கொஞ்சம் இருக்கும். எண்ணெய்ப்பசையும் ஈரமும் கூடினால் பெருகிவிடும். காது அழுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நிலக்கடலை வடிவில் தெரியும், சில நிமிட வேலை.

திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அடியில் வேறு காரணம் இருக்கிறது, பெரும்பாலும் ஒவ்வாமை: தூசிப் பூச்சியோ சாப்பாடோ. அதைத் தேடிப் பிடிக்காமல் சொட்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் நாய்தான் அவதிப்படும். பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள். குளித்தபின் காதை உலர்த்துங்கள்.

பூனைக்கு டெட்டால், டீ ட்ரீ எண்ணெய் போடலாமா?
– வாசகி, ஜூரோங்

இரண்டுமே வேண்டாம். பூனையின் கல்லீரலால் இந்த மாதிரி பொருள்களைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது, தோலில் போட்டதை அது நக்கியும் விடும். ஏற்கெனவே போட்டிருந்தால் மிதமான சோப்பால் உடனே கழுவுங்கள். எச்சில் வழிந்தாலோ தள்ளாடினாலோ நடுங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு.