போர்நிறுத்தத்துக்கும் சமாதான ஒப்பந்தத்துக்கும் என்ன வித்தியாசம்?

போர்நிறுத்தம் என்றால் சுடுவதை நிறுத்துவது. எதற்காகச் சுட்டார்களோ அந்தத் தகராறைத் தீர்ப்பது சமாதான ஒப்பந்தம். முதலாவதைத் தளபதிகளே கையெழுத்திட்டு முடிக்கலாம். இரண்டாவதற்கு எல்லை எது, நஷ்டத்தை யார் கட்டுவது என்று அரசுகள் உட்கார்ந்து பேச வேண்டும். இழுப்பது அங்கேதான்.

திருவல்லிக்கேணியில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் காம்பவுண்டு சுவருக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். இன்ஸ்பெக்டர் வந்து அதட்டினால் கைகலப்பு நின்றுவிடும். சர்வேயர் அளந்து, இருவரும் கையெழுத்துப் போடும்வரை சுவர்ப் பிரச்சினை அப்படியே இருக்கும்.

முதல் உலகப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் ஊரையும் தொட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் குண்டு வீசியதில் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கு ஒரு கல்வெட்டு உண்டு (பாரிமுனை நெரிசலில் யார் நின்று படிக்கிறார்கள்!). அந்தப் போரில் துப்பாக்கிகள் ஓய்ந்தது 1918 நவம்பர் 11-ல். ஜெர்மனியுடனான வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானதோ 1919 ஜூன் 28-ல்.

கொரியாவில் நிலைமை இன்னும் விசித்திரம். 1951-ல் தொடங்கிய பேச்சு, ஊர் திரும்ப விரும்பாத கைதிகளை என்ன செய்வது என்ற கேள்வியில் நீண்ட காலம் சிக்கியது. 1953 ஜூலை 27-ல் போர்நிறுத்தம் வந்தது. தென் கொரியா அதில் கையெழுத்துகூடப் போடவில்லை. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை கிடையாது.

அதற்காக, ஒப்பந்தம் இல்லாத போர்நிறுத்தம் வெறும் காகிதம் என்று பலர் நினைப்பது சரியல்ல: எல்லையில் அவ்வப்போது மோதல் வந்தாலும், 1953-க்குப் பிறகு இரு கொரியாக்களுக்கும் இடையே முழுப் போர் மூளவில்லை.