அக்காவிடம் கேளுங்கள்: முதலாளி காதலும் ஈரல் சாப்பாடும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தையல் கடை நடத்தும் அக்கா வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, படிவம் மூன்றில் படிக்கும் என் மகள் ‘பாஸ் அண்ட் மீ’ என்ற சீன நாடகத்தைக் கைப்பேசியில் விடாமல் பார்க்கிறாள். கதாநாயகி எப்போது பார்த்தாலும் தின்கிறாள், தடுமாறுகிறாள், முதலாளி வந்து காப்பாற்றுகிறார். இது பிள்ளையைக் கெடுக்காதா?
– ஒரு தாய், லிந்தாங்

பதில்: பக்கத்துக் கடை சீன ஆன்ட்டி சொல்லி நானும் பார்த்தேன் அம்மா. 2014-இல் வந்த நாடகம். ஷான்ஷான் ஒரு பெரிய கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருப்பவள். அவளுக்கு அரிய வகை ரத்தம். முதலாளியின் தங்கைக்கு அதே ரத்தம் தேவைப்பட, ஓடிப்போய்க் கொடுக்கிறாள். நன்றிக்காக ஈரல் சாப்பாடு டப்பா டப்பாவாக வருகிறது. அப்புறம் முதலாளியோடு உட்கார்ந்தே சாப்பாடு. அவருக்குப் பிடிக்காத காய்களைப் பொறுக்கி எடுப்பது இவள் பொறுப்பு.

சிரிக்கச் சிரிக்க எடுத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஷான்ஷானாக வரும் சாவ் லியிங் நடிப்புக்காகவே பார்க்கலாம். பணக்காரன் ஏழைப் பெண்ணை விரும்புவதும் எனக்குக் குறையில்லை, நம் படங்களில் இல்லாததா? எனக்கு உறுத்துவது வேறு. இவள் படித்தவள், கணக்குத் தெரிந்தவள். ஆனால் முதலாளி கண்ணில் அவளைப் பட வைத்தது ரத்தமும் பசியும்தான். அவள் கெட்டிக்காரியாக இருந்தால் அவருக்குக் காப்பாற்ற என்ன மிச்சம் இருக்கும்? அதனால் பாதி மக்காக்கி விடுகிறார்கள். இந்த ரகக் கதைகளில் கெட்டிக்காரி ஒருத்தியும் பெரும்பாலும் வருவாள், நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, நாயகிக்குப் போட்டியாக.

என் அம்மா விடியுமுன் தலைவிளக்கு கட்டிக்கொண்டு பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போனவர். தன் நிரை மரங்களை முடித்து ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பார். பள்ளிக்கூடம் போகாதவர்தான், ஆனால் நிறுவை கொஞ்சம் குறைந்தாலும் அங்கேயே சண்டை. இப்படிப்பட்டவரைத்தான் அப்பா ஆசைப்பட்டுக் கட்டினார். (பயந்துபோய்க் கட்டினார் என்பது சித்தப்பா கட்சி.)

மகளிடம் நிறுத்தச் சொல்லாதீர்கள், போர்வைக்குள் ஒளிந்து பார்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, “ஆபீசில் இவள் இன்றைக்கு என்ன வேலை செய்தாள்?” என்று மட்டும் கேளுங்கள். என் கடைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி நன்றாக யோசித்துவிட்டு, “சாப்பிட்டா அக்கா” என்றாள்.

நீங்கள் பார்ப்பதற்கு ஒன்று சொல்கிறேன்: ‘நத்திங் பட் தர்ட்டி’, 2020-இல் வந்தது. மகளுக்கு இன்னும் கொஞ்சம் வயது ஆகட்டும். ஷங்ஹாயில் நடக்கும் கதை. அதில் கூ ஜியா என்பவள் கணவனின் வாணவேடிக்கைக் கம்பெனிக்கு முதுகெலும்பாக இருக்கிறாள், தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்கிறாள், அதையும் தானே மீட்கப் பாடுபடுகிறாள். கணவன் துரோகம் செய்ததும் பிரிந்துவிடுகிறாள். ஆறே வருட இடைவெளியில் அதே நாட்டிலிருந்து வந்த இரண்டு நாடகங்கள் இவை. ஆகவே ‘சீனக்காரர்கள் இப்படித்தான்’ என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: நம் சீரியல் மாமியாரைவிட அந்தச் சீன முதலாளி தேவலை இல்லையா?
– பெயர் வேண்டாம், கோலகங்சார்

பதில்: தேவலைதான். சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

கேள்வி: சீன நாடகங்களில் பெண் மறுத்தாலும் நாயகன் அவள் வீட்டு வாசலிலேயே நிற்கிறான், கடைசியில் ஒப்புக்கொள்கிறாள். எனக்கும் ஒரு பெண் வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டாள். விடாமல் முயன்றால் மனம் மாறுமா? செம்பனை ஆலையில் வேலைக்கு மனு போட்டிருக்கிறேன்.
– 22 வயது வாசகன், செம்மோர்

பதில்: தம்பி, நாடகத்தில் வாசலில் நின்றால் மழை பெய்யும், பெண் குடையோடு வருவாள். செம்மோரில் அவள் அப்பா வருவார். அதோடு, 2023 மே 31 முதல் நம் குற்றவியல் சட்டத்தில் 507ஏ பிரிவு நடப்பில் இருக்கிறது. ஒருவர் பயப்படும்படி திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், விடாமல் மெசேஜ் அனுப்பித் தொல்லை கொடுப்பதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், இரண்டும்கூட கிடைக்கலாம். அவள் ‘வேண்டாம்’ என்று தெளிவாகத்தானே எழுதியிருக்கிறாள்? நம்பரை அழித்துவிடு. ஆலை வேலை என்ன ஆனது என்று அடுத்த மாதம் எழுது.